திரும்பி வந்த இரண்டு மூட்டை

ராஜவேலுவுக்குத் தனகோடி மேல் பதினோரு வருஷத்துக் கோபம். தொண்ணூற்றேழில் ஒரு நாள், ஆரணியில் அவனுடைய அரிசி மில் வாசலில் களம்பூர் லாரிகள் நிற்க, லோடு ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, தனகோடி ஒரு மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு வந்தான். வண்டியில் இரண்டு மூட்டை அரிசி. முந்தாநாள் ராஜவேலு தானமாகக் கொடுத்த அதே மூட்டைகள்.

"கொஞ்சம் தனியா வாப்பா, ஒரு வார்த்த பேசணும்" என்றான் தனகோடி.

"தனியா இன்னா தனியா? எதுக்குத் திருப்பிக் கொண்டாந்த? எல்லார் முன்னாலயும் சொல்லு."

தனகோடி சுற்றிலும் பார்த்தான். "இந்த அரிசி எங்களுக்கு வேணாம். அவ்ளோதான்" என்று மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான். லோடு ஆள் ஒருவன், "தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாத்துட்டாரு போலக்கீது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் ராஜவேலுவின் நெஞ்சில் தைத்தது.

இருவரும் ஆறாவது வரை ஒரே பெஞ்சு. ஆறாவதோடு ராஜவேலு அப்பாவின் மில்லுக்கு வந்துவிட்டான். தனகோடி தறிக்குழியில் கால் வைத்தான். அவன் மகள் தீபாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. வேலூரில் ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டான். வீட்டில் அவன் மனைவி கற்பகம் தட்டைத் தொடாமல் கிடந்தாள். ஆறாம் நாள் போய்க் குழந்தையைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டான். பிறகு விசாரித்துப் பார்த்தால் ஆரணியைச் சுற்றி அப்படிப் பிள்ளைகள் நிறைய. ஒரு பட்டுக்கடைக்காரர், நெசவுக்குப் பாவு நூல் போடாமல் சும்மா கிடந்த தன் கொட்டகையைக் கொடுத்தார். சாவித்திரி என்று பயிற்சி பெற்ற டீச்சர் ஒருத்தி கிடைத்தாள். பள்ளிக்கூடம் ஆரம்பமாகிவிட்டது.

ஆரணியில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மற்றவர்கள் தலைக்குக் குளித்துவிட்டுப் படம் பார்க்கப் போவார்கள். தனகோடி சைக்கிளை எடுப்பான். எந்தக் கடையிலும் பணம் என்று கேட்க மாட்டான். "ஒங்க கடையில எது மிச்சமாவுதோ அது போதுங்க" என்பான். பேக்கரியில் பன் கொடுத்தார்கள். பட்டுக்கடையில் அட்டைப்பெட்டி, அச்சகத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சான காகிதம். ராஜவேலு மில்லில் குத்தூசி அரிசி. அரிசி வாங்க வருகிறவன் மூட்டையில் குத்தூசியைக் குத்திக் கைப்பிடி அரிசி எடுத்துப் பார்ப்பான். பார்த்த அரிசி மூட்டைக்குத் திரும்பாது, டிரம்மில் விழும். டிரம் நிறைந்தால் தானத்துக்கு. அது ராஜவேலு அப்பா காலத்து வழக்கம்.

கொடுத்த கடைக்கு அடுத்த அமாவாசையில் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவான் தனகோடி. பிள்ளைகள் ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஜாடை வைத்திருந்தார்கள். தோளிலிருந்து விரலைக் கீழே ஓட்டினால் பட்டுக்கடை. கன்னத்தை உப்பினால் பேக்கரி. தன் கடையின் ஜாடையைப் பார்த்த முதலாளி அடுத்த மாதம் தானே கூப்பிட்டுக் கொடுப்பார். ஊரில் பலகையில் பேர் எழுதாமல் தானம் வாங்கியவன் அவன் ஒருத்தன்தான்.

அப்படிப்பட்டவன்தான் மூட்டையை வாசலில் தள்ளிவிட்டுப் போனான். ராஜவேலு சும்மா விடவில்லை. வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் சொன்னான், பேக்கரியில் சொன்னான், பட்டுக்கடைகளில் ஏறி இறங்கிச் சொன்னான். "திமிர் புடிச்சவன். இன்னிக்கி எனக்கு, நாளைக்கி ஒனக்கு. குடுத்தத மூஞ்சியில அடிப்பான்." பதினோரு கடை. ஒவ்வொன்றாகக் கொடுப்பதை நிறுத்தின. சாவித்திரி டீச்சர் இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் செய்யாறு பக்கம் வேலைக்குப் போனாள். மதியச் சோறு இல்லை என்றதும் தூரத்துப் பிள்ளைகள் வருவது நின்றது. இருபத்திரண்டு பேர் ஒன்பது பேரானார்கள். தனகோடி அமாவாசைதோறும் மில் வழியாகத்தான் சைக்கிளில் போவான். உள்ளே திரும்ப மாட்டான். ராஜவேலு மீசையைத் தடவிக்கொள்வான்.

இரண்டாயிரத்தெட்டில் மில் மேஸ்திரி பச்சையப்பன் வேலையை விட்டு நின்றார். கடைசி நாள் சொல்லிக்கொள்ள வந்தவர் வாசற்படியிலேயே நின்றார்.

"தனகோடிக்குக் கிட்னி போயிடிச்சிங்க. வாரத்துக்கு ரெண்டு வாட்டி வேலூர் போயிகினு இருக்காரு. ஒருக்கா பாத்துட்டு வாங்க மொதலாளி."

"நான் எதுக்குப் பாக்கணும்? அவன் பண்ண வேலைக்கி?"

"அது மாத்திர அட்டி மூட்டைங்க."

"எது?"

"நீங்க குடுத்த ரெண்டும். டிரம்முல ஒரு மூட்டைக்கிகூட அரிசி சேரல. நம்ம போட்டி ஜெயச்சந்திரன் மில்லுல ரெண்டு மூட்ட குடுத்துட்டாங்க, இன்னிக்கே ஜல்தியா அனுப்புன்னு பேஜார் பண்ணீங்க. பூச்சிக்கு வெஷ மாத்திர வச்சி மூடின மூட்ட அட்டிதான் இருக்குது, ஏழு நாள் தொறக்கக்கூடாது, மூணு நாள்தான் ஆவுதுன்னு சொன்னன்."

ராஜவேலுவுக்கு மீதியை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினோரு வருஷமாக நினைவில் இல்லாதது இப்போது அவன் குரலிலேயே காதில் கேட்டது. 'தானத்துக்குத்தான போவுது, எடுத்துக் குடுய்யா.'

"மாத்திர வச்ச துணிப்பை ஒண்ணு மூட்டக்குள்ளயே கெடந்துகீது. வாயப் பிரிச்ச கற்பகம்மா அங்கியே மயங்கி வுழுந்துட்டாங்க. ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. நல்லவேள, பசங்களுக்கு அதுல இன்னும் ஒலை வைக்கல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தனகோடிதாங்க வேணான்னாரு. 'வெளிய தெரிஞ்சா மில்லுக்கு சீல் வைப்பாங்க. நாப்பது பேரு பொழப்பு. நீயும் உள்ள போவ'ன்னாரு. நானும் புள்ளகுட்டிக்காரன். பயந்துகினு வாய மூடிகினேன்."

அன்று மாலையே ராஜவேலு போனான். ஒரு மூட்டை நல்ல பொன்னி அரிசியை வண்டியில் ஏற்றச் சொல்லி, பிறகு இறக்கச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு போனான். தறியில் பாவு இல்லை. குழிக்குப் பக்கத்தில் பாயில் தனகோடி படுத்திருந்தான். கால் வீங்கியிருந்தது.

"வாங்கண்ணா" என்றாள் கற்பகம், நேற்று வந்துபோனவனைக் கூப்பிடுவது போல. ராஜவேலுவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உள்ளேயிருந்து தீபா வந்தாள். இருபது வயசுப் பெண். இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் டீச்சர். ராஜவேலுவைப் பார்த்ததும் சிரித்து, இடது உள்ளங்கையில் ஒரு விரலைக் குத்தி, அதே விரலால் இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினாள்.

"இன்னாம்மா சொல்லுது?"

"ஒங்களதாண்ணா. அதான் ஒங்க ஜாடை" என்றாள் கற்பகம். "சின்னப் பசங்களுக்கும் அதத்தான் சொல்லிக்குடுத்துக்கீறா. மில்லத் தாண்டிப் போம்போது பசங்க எல்லாம் காட்டும்."

ராஜவேலு தரையில் உட்கார்ந்தான். "பச்சையப்பன் சொன்னாரு" என்றான்.

"சொல்லிட்டாரா?" என்றான் தனகோடி. "தனியா சொல்லலாம்னுதான் அன்னிக்கி வந்தேன். நீ லோடு ஆளுங்க நடுவுல நின்னுகினு கத்தின. அப்பறம் கடை கடையா ஏறி நீ பேசினது காதுக்கு வந்திச்சி. எனக்கும் ரோஷம். போடான்னு இருந்துட்டேன். நம்ம ரெண்டு பேரு ரோஷத்துல பதிமூணு புள்ளைங்க வூட்டுக்குப் போயிடிச்சி ராஜி."

"மாசாமாசம் அஞ்சு மூட்ட நான் அனுப்பறேன்."

"மூட்ட அனுப்பறது ஒனக்கு சுலபம்."

அந்த வாரமே தனகோடி போய்விட்டான், அமாவாசைக்கு முந்தின நாள். அதனால் அந்த மாலை பாயில் கிடந்தபடி அவன் கேட்டதுதான் ராஜவேலுவிடம் அவன் கடைசியாகக் கேட்டது.

"வர்ற அமாவாசைக்கி என் சைக்கிள எடுத்துக்க. யார் யார்கிட்ட குடுக்காதன்னு சொன்னியோ, அந்தப் பதினோரு கடைக்கும் நீயே போயி கேளு."

"ஏன்னு கேப்பாங்களேப்பா."

"கேப்பாங்க. சிரிப்பாங்க. மாத்திர கதைய மட்டும் சொல்லாத, மில்லுல இன்னும் நாப்பது பேரு இருக்காங்க. 'நான் தப்பா பேசிட்டேன், குடுங்க'ன்னு கேளு. தீபாவக் கூட இட்டுகினு போ, ஜாடை அவ காட்டுவா. பின்டயர்ல காத்து நிக்காது, வழியில அடிச்சிக்க."