கழுவிய கூண்டு

உயிரியல் ஆய்வகத்தின் பின்னறையில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பாலைவன எலிகளைப் பராமரித்துவந்த பெண்மணியை எல்லாரும் எலியக்கா என்றே அழைத்தனர். சென்ற மாதம் பரவிய கழிச்சல் நோயில் ஓர் எலி வம்சமே அழிந்து, ஒரே ஒரு பெண் எலி தப்பியிருந்தது. அதற்குத் துணையாக வெளியூர் ஆண் எலி ஒன்று வந்தது. இவை கூடி ஈனாவிட்டால் வம்சம் அத்துடன் முடிந்தது.

இவ்வெலிகளுக்கு மணமே உறவு. அயல் மணம் வீசினால் கடித்தே கொன்றுவிடும். ஆகவே கண்ணாடிக் கூண்டின் நடுவே கம்பிவலை நிறுத்தி, நாள்தோறும் இரண்டையும் பக்கம் மாற்றி விடுவார்கள். ஒன்றின் படுக்கையில் மற்றது உறங்க, ஏழு நாளில் மணங்கள் கலந்துவிடும்.

ஆறாம் நாள் மாலை, மேற்பார்வையாளர்கள் வரப்போவதாகக் கேள்விப்பட்ட எலியக்கா, கூண்டைச் சோப்பிட்டுக் கழுவிப் புதிய மரத்தூள் பரப்பிவிட்டார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான், அழுக்கோடு மணமும் போய்விட்டது என்பது உறைத்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? மாப்பிள்ளை எலி ஓடிப்போயிட்டானா?" என்றார் கணவர். எலியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஆய்வகத் தலைவரான டாக்டரம்மா வந்து, எல்லாம் முறைப்படி நடந்ததா என்று கேட்டார். கழுவியதைச் சொன்னால் இத்தனை ஆண்டு நற்பெயர் போய்விடும். எலியக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப வலையை எடுங்கக்கா."

பெண் எலி பின்னங்காலால் தரையைத் தட்டத் தொடங்கியிருந்தது. அஞ்சும்போது அது அப்படித்தான் செய்யும். எலியக்கா வலையை உயர்த்தினார். ஆண் எலியின் மயிர் சிலிர்த்தது. மறுகணம் இரண்டும் ஒரே பந்தாகி உருண்டன. கையுறையை மறந்து கையை உள்ளே விட்டார். ஆண் எலி ஆட்காட்டி விரலைக் கவ்வித் தொங்கியது. அவர் விடாமல் பெண் எலியை வெளியே எடுத்துவிட்டார்.

"நேத்து நான் கழுவிட்டேம்மா. சோப்புப் போட்டு. நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

டாக்டரம்மா முதலில் பெண் எலியைப் பார்த்தார். காது கிழிந்திருந்தது, மூச்சு இருந்தது.

"ஏழு நாளும் முதல்லேர்ந்து வரணும். இது தாங்குமான்னு எனக்கே தெரியல. நீங்க போய் ஊசி போட்டுக்கிட்டு வாங்க. உங்களத் தவிர யாரும் இந்தக் கூண்டத் தொட வேணாம்."

கட்டுப்போட்ட விரலோடு திரும்பி, எலியக்கா மீண்டும் வலையை நிறுத்தினார். பெண் எலி வலைக்கு முதுகைக் காட்டி மூலையில் ஒடுங்கிக்கொண்டது. கூண்டில் தொங்கிய அட்டையில் 'முதல் நாள்' என்று எழுதினார், எழுத்துகள் கோணிப்போயின.