சூடு சொரணை

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள், வயதில் மூத்த தலைமை ஆய்வாளர் மேடம்கூட. டெக்னீஷியன் வேலை. அவ்வளவு சுத்தமான கை. ஒரு சொட்டு சிந்திவிட்டால் அன்று முழுக்க முகம் சுண்டிப்போய் இருக்கும்.

வீட்டில் அவளுக்கு நேர்மாறாக ஒரு தம்பி. எதைக் கையில் கொடுத்தாலும் கீழே போட்டுவிடுவான். ‘டமாலு’ என்று பட்டப்பெயர் வைத்ததே அவள்தான். போட்டோவுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடிகளை உடைத்து உடைத்து வேலையும் போயிற்று. ஒருமுறை இஸ்திரிப்பெட்டி பட்டுக் கை வெந்துகொண்டிருக்க, அவன்பாட்டுக்குச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கரிந்த வாடை வந்துதான் அக்கா ஓடிவந்தாள். மருந்து போட்டபடியே திட்டினாள்: “சூடு சொரணை இல்லாத ஜென்மம்டா நீ.”

சொந்தக்காரர்கள் வந்தாலும் இதே பேச்சுதான். அவர்கள் சிரிப்பார்கள். அவர்களைச் சிரிக்கவைப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. தம்பியும் சிரித்து மழுப்பிவிடுவான்.

மேடம் புது ஆன்டிபாடி ஒன்றை வரவழைத்தார். செல்லுக்குள் மிஞ்சிப்போகும் கொலஸ்ட்ராலை வெளியே அனுப்ப ஒரு புரதம் உண்டு. அதை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்வது இந்த ஆன்டிபாடியின் வேலை. ஒட்டினால், சோதனை முடிவில் எடுக்கும் படத்தில் கறுப்புக் கோடு விழும். நோயாளிகளின் ரத்தத்தில் பார்ப்பதற்கு முன், கூடத்து ஆட்களின் ரத்தத்திலேயே சோதித்தார்கள். எல்லோருக்கும் கோடு பளிச்சென்று விழுந்தது. அக்காவுக்கு மட்டும் மங்கல்.

“நான்தான் ஏதோ சொதப்பிட்டேன் மேடம்,” என்று மறுபடியும் செய்து பார்த்தாள். அதே மங்கல். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த வேறொரு புரதத்தின் கோடோ எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்தது.

“உங்க கைல தப்பில்ல,” என்றார் மேடம். “பரம்பரையா வர்றதான்னு பாக்கணும். கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? சம்மதிச்சா கூட்டிட்டு வாங்க.”

தம்பி வந்து ரத்தம் கொடுத்தான். பிறகு டீ வந்தது. கொதிக்கிற டம்ளரை மற்றவர்கள் விளிம்பில் பிடித்திருக்க, அவன் உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான்.

“அவனுக்குத் தோல் தடிச்சுப்போச்சு மேடம்,” என்று அக்கா சிரித்தாள்.

மேடம் சிரிக்கவில்லை. “சுடலையா தம்பி?”

“ஏன், சுடுதா?” என்றான்.

படத்தில் அவனுக்குரிய இடத்தில் கோடே விழவில்லை.

ஒரு படத்தை நம்பி எதுவும் சொல்ல முடியாது என்று மேடம் இருவரையும் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தபோது தம்பியின் தொண்டையில் டான்சில் வீங்கி ஆரஞ்சு நிறமாக இருந்தது. அவனைக் கண்ணை மூடச்சொல்லி, சூடான குழாயையும் குளிர்ந்த குழாயையும் மாற்றி மாற்றிக் கையில் வைத்தார். எது எதுவென்று அவனால் சொல்ல முடியவில்லை. இருவருக்கும் செய்த மரபணுச் சோதனை டாக்டரின் சந்தேகத்தை உறுதி செய்தது.

“அந்தப் புரதத்துக்கான மரபணு, இவருக்கு அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் பழுதா வந்திருக்கு,” என்றார் டாக்டர். “உங்களுக்கு ஒருத்தர்கிட்டேர்ந்துதான், அதனால தப்பிச்சீங்க. இவருக்குக் கொழுப்பு வெளிய போகாம டான்சில்லயும் நரம்புலயும் தங்கி, உணர்ச்சியும் பிடிமானமும் கொஞ்சங்கொஞ்சமா போயிருக்கு. இது அசட்டை இல்லம்மா, வியாதி.”

அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்பெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

பஸ் நிறுத்தத்தில், “மன்னிச்சிடுடா,” என்றாள்.

அவன் இந்தமுறை மழுப்பவில்லை. “நீ திட்டினதுகூடப் பரவால்லக்கா. அதை நானும் நம்பிட்டேன். யாரும் இல்லாதப்ப டம்ளரை எடுத்து எடுத்து வச்சுப் பழகுவேன். எனக்குத்தான் அக்கறை இல்லன்னு நெனச்சேன்.”

பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள்.

இந்த வியாதியைத் தீர்க்க மருந்தில்லை. கொழுப்பு அடைக்காமல் இதயத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும், கையைக் காத்துக்கொள்ள வேண்டும். இப்போது தம்பி ஒரு அலுவலகத்தில் போனில் விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருக்கிறான். அவன் சம்மதத்தோடு அவன் ரத்த மாதிரியைக் கூடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆன்டிபாடி புதிதாக வரும்போதெல்லாம், தவறான இடத்தில் ஒட்டுகிறதா என்று அந்தப் புரதமே இல்லாத அந்த ரத்தத்தில்தான் பார்ப்பார்கள்; அதில் கோடு விழக் கூடாது. தம்பியின் இடம் காலியாகத் தெரியும் அந்தப் படம் வெளிவரும் நேரத்தில் அக்கா ஏதாவது சாக்குச் சொல்லி அறையைவிட்டுப் போய்விடுவாள்.