படத்தில் இருந்த காசுமாலை

போன செவ்வாய்க்கிழமை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் முத்தையாவைப் பார்த்தேன். கொழும்பில் கடை வேலை பார்த்துவிட்டு, வயதான பிறகு நோர்வூட்டில் வந்து குடியேறிய என் பழைய நண்பர். கக்கத்தில் சேலைத் துணி சுற்றிய பெரிய பிரேம்.

"அம்மா படங்க. பூஞ்சணம் புடிச்சிருச்சு. ஸ்டூடியோவுல குடுத்துச் சுத்தம் பண்ணணும். சும்மாதானே நிக்கிறீங்க, வாங்க!"

சும்மாதான் நின்றேன். போனேன்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் கலர் பூசிய அந்தக் காலத்து ரகம். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்குமே? அந்த ஓவியர்களுக்குத்தான் எவ்வளவு தாராள மனசு! கேட்காமலேயே கன்னத்தில் ரோஸ், உதட்டில் சிவப்பு. எங்கள் அப்பாவுக்கே லிப்ஸ்டிக் போட்டிருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்து வளர்ந்த மனுஷன், படத்தில் அன்னம் நீந்தும் ஏரிக்கரையில் ஜம்மென்று நிற்கிறார். பார்க்கும்போதெல்லாம் சிரிப்போம்... ஆனால் கழற்றி வைக்க யாருக்கும் மனசு வராது.

முத்தையாவின் அம்மா கழுத்தில் ஒரு காசுமாலை. இந்த மாலையால்தான் அவருக்கும் தங்கை சரசுவுக்கும் முப்பது வருஷமாகப் பேச்சில்லை.

அம்மா இறந்தபோது, அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைக் கொடுத்துப் பெரிதாக்கிக் கலர் போட்டு வாங்கியவள் சரசு. கருமாதிக்குக் கொழும்பிலிருந்து வந்த அண்ணன் படத்தைப் பார்த்தார். 'மாலை எங்கே?' என்றார். 'அப்படி ஒரு மாலையே கிடையாது' என்றாள் அவள். 'படத்தில் இருக்கிறதே! அம்மா சீட்டுப் போட்டு வாங்கியிருப்பாள், நீ அமுக்கிவிட்டாய்' என்று கத்திவிட்டு, படத்தையும் தூக்கிக்கொண்டு போனவர்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சரசுவின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் எப்படி? பத்திரிகை அனுப்பியிருந்தாள்.

"போவீங்களா?" என்று கேட்டேன்.

"புள்ள கழுத்துல அந்த மாலையப் போட்டு மணவறையில உக்கார வைக்கட்டும். அப்ப வாரேன்."

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

ஸ்டூடியோக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். ஈரப் பஞ்சால் பூஞ்சணத்தை மெதுவாக ஒற்றினார். பஞ்சில் தங்க நிறம்!

"ஐயோ அங்கிள்..." என்று பதறினார். மாலையில் பாதியைக் காணோம். அடியில் சாம்பல் நிறத்தில் வெறும் கழுத்து. ஒரு பாசிமணிகூட இல்லை.

"இது மேல வரைஞ்சதுங்க. அப்பல்லாம் கழுத்து வெறுசா இருந்தா, பார்க்க நல்லாயில்லன்னு அவங்களே நகை போட்டு விட்ருவாங்க."

முத்தையா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப சரசு..." என்றார். எனக்கும் சங்கடமாக இருந்தது. ரோட்டில் போகும் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாம் எல்லோருமே அப்படித்தானே? கூடப் பிறந்தவள் வாயால் சொன்னால் ஆயிரம் சந்தேகம். அதுவே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தால்... மறு கேள்வி கிடையாது.

மனுஷன் வீட்டுக்குப் போகவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு, சரசு இருக்கும் அக்கரப்பத்தனைக்குப் பஸ் ஏறினார். பாதி அழிந்த படம் துணி சுற்றி அவர் மடியில் இருந்தது.

சரசு வாசலில் பந்தலுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கண்டதும் அப்படியே நின்றாள். அவர் துணியை அவிழ்த்துப் படத்தை நீட்டினார்.

"மாலை இல்ல தங்கச்சி. பெயின்ட்டு. நான்தான்... உன்னையப் போயி..."

அழுதுவிட்டார். சரசு படத்தையே பார்த்தாள்.

"அன்னைக்கே சொன்னேனேண்ணே."

"சொன்ன. நான் நம்பல."

சரசு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இனித் திட்டப்போகிறாள் என்று நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"முகூர்த்தம் காலையில ஆறரைக்கு. இதுக்காச்சும் லேட்டா வராதீங்கண்ணே," என்றாள்.