ஆளில்லாத நேரத்தில் ஓடிய புரோகிராம்

அம்மாவுக்குக் கிடைக்கவேண்டிய ஒரு வேலை கிடைக்காமல் போனதற்கு நானும் அண்ணனும் கம்ப்யூட்டரில் எழுதிவைத்த நாலு வரிதான் காரணம். அப்போது எனக்குப் பதினொரு வயது. வயதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பலமுறை பார்த்துவிட்டேன், முடியவில்லை. நினைக்கும்போதெல்லாம் அண்ணன் மேல் எரிச்சல் வருகிறது. அதைவிட ஒரு பங்கு ஜாஸ்தியாக என் மேலேயே வருகிறது.

அண்ணன் கள்ளக்குறிச்சியில் பாலிடெக்னிக் சேர்ந்த வருடம், சங்கராபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மூடப்போகிற பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து அப்பா வாங்கிவந்த பழைய பெட்டி. வந்த அன்றே அண்ணன் சட்டம் போட்டுவிட்டான். அவன் இல்லாதபோது யாரும் அதைத் தொடக்கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தபிறகு நான் மட்டும் தொடலாம், அதுவும் அவன் சொல்கிற வேலைக்கு. அம்மா துடைக்கலாம். அப்பா கரியாலூர் போகிற மலை பஸ்ஸில் கண்டக்டர், விடியும் முன்னே போய்விட்டுப் பொழுது சாய்ந்து வருகிறவர். அவர் இந்தச் சட்டத்தையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பெட்டி ஆமை வேகத்தில்தான் ஓடியது. பொத்தானை அமுக்கிவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். பழைய பெட்டி அப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் எல்லாம் அத்தோடு போயிருக்கும். அண்ணனோ, நமக்குத் தெரியாமல் உள்ளே ஏதோ ஓடுகிறது, அதைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று கிளம்பினான். நோட்பேடில் சில வரிகள் எழுதி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவை தானாக ஓடும்படி நேரம் குறித்துவைத்தான். அந்த நொடியில் எந்தெந்தப் புரோகிராம்கள் ஓடுகின்றனவோ, அவற்றின் பெயர்களை மணியோடு ஒரு ஃபைலில் எழுதிவைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு கறுப்புப் பெட்டி கண்மூடித் திறப்பதற்குள் வந்து மறையும்.

அந்தப் பட்டியலைப் படிக்கும் வேலையை நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தெரிந்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, சாயங்காலம் வந்ததும் திரையையும் நோட்டையும் வைத்துக்கொண்டு டிக் போடுவேன். வீட்டுப்பாடத்தில் இந்த அக்கறையில் கால்வாசி காட்டியிருந்தால் கணக்கில் தேறியிருப்பேன்.

பத்தாம் நாளோ என்னவோ, நோட்டில் இல்லாத ஒரு பெயர் அகப்பட்டது. மூன்றெழுத்து, அர்த்தம் ஒன்றும் இல்லை. பதினொன்றே காலுக்கு வந்திருந்தது, பன்னிரண்டரைக்குப் போயிருந்தது. மறுநாளும் அதே. அந்த வருடங்களில் எங்கள் ஊரில் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கரண்ட் இருக்காது. கரண்ட் வந்ததும் பெட்டி தானாகவே ஓட ஆரம்பிக்கும்படி அண்ணன் வைத்திருந்தான். அது ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே இதுவும் வந்துவிடுகிறது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "வூட்ல ஆளு இல்லாத நேரமா பாத்து வருதுடி. ஞாயித்துக்கெழமைல வர்றதே இல்ல. நாம இருக்கறது அதுக்குத் தெரியுது" என்றான். அவன் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, "இன்னாடா அது?" என்று கேட்டாள். வைரஸ், உனக்குப் புரியாது என்றான் அண்ணன். அம்மா அடுத்து என் தட்டுக்கு ரசம் ஊற்றினாள். ஆளில்லாத வீடு என்று அவன் சொன்ன அந்த வீட்டில் தினமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை அம்மா இருந்தாள். எங்கள் இருவருடைய மூளையும் சேர்ந்து யோசித்தும் இது தோன்றவில்லை. இப்போது சொல்லும்போதும் தலையில் அடித்துக்கொள்ளத்தான் வருகிறது.

அந்த மூன்றெழுத்து அகப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கரியாலூரில் ஓர் அலுவலகத்தில் தற்காலிகமாக டைப் அடிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று பஸ்ஸில் கேட்ட சேதியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அப்பாதான். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்தவள். ஹையர் எழுதவேண்டிய சமயத்தில் அண்ணன் வயிற்றில் இருந்தான். நான் போட்டுப் பார்க்கவா என்று அவள் கேட்டதும் அப்பா சிரித்தார். "இது மிசினு இல்ல, கம்ப்யூட்டரு. பத்து நிமிசம் நிக்காம அடிச்சிக் காட்டணுமாம். உனுக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு, மனுவை மட்டும் வாங்கிவந்து கொடுத்தார். அம்மா பரீட்சைக்குப் போகப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு அவள் பழகவேண்டியிருக்கும் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அவள் பழகினாள். தான் படித்த இன்ஸ்டிட்யூட்டுக்கே போய், டைப்பிங் பழகும் புரோகிராம் ஒன்றைப் பென்டிரைவில் வாங்கிவந்து, எப்படித் திறப்பது என்று பேப்பரில் எழுதிவைத்துக்கொண்டு, நாங்கள் போனபின் கரண்ட் வந்ததும் உட்கார்ந்திருக்கிறாள். வேலை கிடைத்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாளாம். இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது நான் சம்பாதிக்க ஆரம்பித்தபிறகு, கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே.

முதலில் அந்தக் கறுப்புப் பெட்டி அவளைப் படுத்தியது. அடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டுப் போகும். சுண்டு விரலுக்கு வலு இல்லை என்று நினைத்துக்கொண்டாள். பிறகு நாங்கள் அதைவிடப் பெரிய காரியம் செய்தோம். அண்ணன் இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதினான். மூடவேண்டியவை என்று ஒரு பட்டியல். அதில் இருக்கிற பெயர் ஓடிக்கொண்டிருந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து பட்டென்று மூடிவிட்டு, மூடியதையும் மணியோடு அதே ஃபைலில் எழுதிவைக்கும். பட்டியலில் முதல் பெயரை அடிக்கும் மரியாதையை எனக்குக் கொடுத்தான். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அந்த மூன்றெழுத்தை அடித்தேன்.

அதன்பின் அம்மாவால் ஒரு நாள்கூடப் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் அடிக்க முடியவில்லை. வேகம் கணக்காவதற்குள் திரை வெறிச்சோடிப் போகும். மறுபடி திறப்பாள், மறுபடி மூடும். ஏதோ தப்பான கட்டையைத் தட்டிவிடுகிறோம் என்று பயந்து, கையை மெதுவாக வைத்துப் பார்த்திருக்கிறாள். யாரையும் கேட்கவும் முடியாது. கேட்டால் எதற்குத் தொட்டாய் என்று பெற்ற பிள்ளையே கேட்பான்.

பரீட்சை நாளன்று அப்பாவின் பஸ்ஸிலேயே மலைக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது. ஐந்து நிமிடம் ஆனதும் அவள் கைதான் நின்றுவிட்டது. இப்போது மூடிக்கொள்ளும் என்று நிமிர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாளாம். மூடவில்லை என்று தெரிந்து மறுபடி விரலை வைப்பதற்குள் எங்கே விட்டோம் என்பது தவறிப்போயிற்று. சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பிவந்தாள். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் சரியில்லை என்று வாய்விட்டு ஒரே ஒரு தடவை சொன்னாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றபடி அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். நானும் சிரித்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்த வாரம் முழுக்க அந்த மூன்றெழுத்து பட்டியலில் வரவில்லை. அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் எனக்குப் பஃப்ஸ் வாங்கிவந்தான். ஓடிப்போய்விட்டது என்று வீடே அதிரும்படி நாங்கள் பேசியதில் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மாதப் பட்டியலையும் திறந்து, எந்தெந்தக் கிழமை எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நாங்கள் அடித்து மூடினோம் என்று வரிவரியாகப் படித்துக் காட்டினேன். பதினொன்றே கால், மூடப்பட்டது. பதினொன்று இருபது, மூடப்பட்டது. பதினொன்று இருபத்தைந்து, மூடப்பட்டது.

அம்மா குனிந்து திரையில் விரல் வைத்து, கடைசிவரை கேட்டாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"மணி எழுதுது, பேரு எழுதுது. அந்த நேரத்துல வூட்ல யாரு இருந்தாங்கன்னு எழுதாதாடா?"

"அதுக்குக் கேமரா வாங்கணும்மா" என்றான் அண்ணன், பஃப்ஸைத் தின்றுகொண்டே.

அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். நல்ல கேள்வி, நமக்கு ஏன் இது தோன்றவில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பார்த்துப் பார்த்து அம்மாவுக்குக்கூடக் கம்ப்யூட்டர் கொஞ்சம் புரிய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.