பென்னாகரம் பஸ்ஸில் ஊத் வாத்தியத்தோடு

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போய் வந்தேன். புளி மண்டி வைத்திருப்பவன்தான், ஆனால் புளி வாங்கப் போகவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், ஊத் என்கிற அரபு வாத்தியத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ளப் போனேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம். வாத்தியத்தோடு பஸ் ஏறுகிறவர்களுக்கு இதில் உபயோகமான சங்கதி உண்டு.

அது என் கைக்கு வந்தது பெங்களூரில். சரக்கு விஷயமாக நான் தங்கும் இடத்துக்கு அடுத்த லாயத்தில் ஓர் அரபுக் குதிரை வியாபாரி சாயங்காலங்களில் வாசிப்பார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பும்போது எனக்கே விற்றுவிட்டார். ஊத்துக்கு முதுகு உப்பியிருக்கும், கழுத்து குட்டை, தலை பின்னால் மடிந்திருக்கும். பதினொரு தந்தியும் ஆட்டு நரம்பு. மீட்டுவதற்கு ஒரு கழுகு இறகு. கழுத்தில் வீணை மாதிரி மெட்டுக்கட்டைகள் கிடையாது. விரலை எங்கே வைப்பது என்று நாமேதான் தேட வேண்டும். ஒரு வருஷம் தேடினேன். வீட்டில் இருப்பவர்கள்தான் பாவம்.

சொல்லித்தர ஆள் கடைசியில் என் புளி மண்டியிலேயே அகப்பட்டார். பென்னாகரம் பஸ் டிரைவர் மாதையன். முப்பது வயதுகூட இருக்காது. யுத்தத்தின்போது அரபு நாட்டில், பாஸ்ராவில், மிலிட்டரி லாரி ஓட்டியவர். பஸ்ஸில் மூட்டை ஏற்ற வந்தவர் சுவரில் ஊத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அங்க ஒரு டீக்கடைக்காரர் சொல்லிக் கொடுத்தாருங்க. தொட்டு ரெண்டு வருசம் ஆச்சு," என்றார்.

அன்று அவருக்கு நேரமில்லை. அடுத்த வாரமோ கோயமுத்தூரில் ஒரு மில்லுக்கு லாரி ஓட்டக் குடும்பத்தோடு போகிறாராம். இருந்தது இந்த ஒரு ஞாயிறுதான். "மொத பஸ்ஸுல வாங்க. மத்தியானம் வரைக்கும் நம்ம வூட்டுல உக்காரலாம். மொதல்ல நான் ஒரு தடவ ஆசைதீர வாசிச்சுக்கறேன், அப்புறம் உங்களுக்குப் பாடம்," என்றார்.

நரம்புகள் நைந்திருந்தன. இருப்பதே ஒரு நாள்; அன்று பார்த்து அறுந்து தொலைத்தால்? சாக்கு கிழியும் முன்பே மாற்றிவிடுகிறவன் நான். வீணைக்கு விற்கும் எஃகுக் கம்பியை வாங்கிப் பதினொன்றையும் மாற்றி, இறுக்கமாக முறுக்கி வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. கணீரென்று சத்தம் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

பஸ் காலை ஆறரை மணிக்கு என்பார்கள்; ஏழுக்குத்தான் கிளம்பும். பெட்ரோல் ரேஷன் இன்னும் போகவில்லை, அதனால் கரியை எரித்து வரும் வாயுவில் ஓடும் வண்டி. இருபது மைல், டிக்கெட் பத்தணா. காலை நீட்டிக்கொள்ளலாம் என்று கடைசி சீட்டைப் பிடித்தேன். கரி எரியும் உருளை அதற்கு நேர் பின்னால். முதுகு வெந்தது. ஊத்தைத் துணி சுற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.

கோழிக்கூடையோடு ஏறிய ஓர் அம்மாள், "என்னாங்க மண்டிக்காரரே, பூசணிக்காயப் பாதியா அறுத்துச் சீல கட்டிக் கூட்டிக்கிட்டுப் போறீங்க?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எட்டாவது மைலில் இண்டூர். கரி போட்டுக் கிளறப் பின்னால் வந்த மாதையன் கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாகத் துணியை விலக்கினார். முகம் மாறிவிட்டது.

"இரும்புக் கம்பிங்களா?"

"அறாதில்ல!"

"இத நரம்பு இழுக்கற இழுப்புக்குத்தான் செஞ்சிருக்காங்க. கம்பி கட்டற அடிக்கட்டை வெறும் பசையில ஒட்டினதுங்க. இப்பவே தளர்த்திடலாம்."

"மூணு நாளாத் தாங்குது. இன்னும் பன்னண்டு மைல் தாங்காதா? முறுக்கினது கலைஞ்சிடும் மாதையா, வூட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

"யோவ், கரி போட்டீங்களா, கச்சேரி வெக்கிறீங்களா?" என்று முன்னாலிருந்து ஒருவர் கத்தினார். மாதையன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ஸ்டியரிங்குக்குப் போனார்.

அதற்கப்புறம் ஒரு மேடு; கரி வண்டி ஆட்களோடு ஏறாது. எல்லோரும் இறங்கி நடந்தோம், நான் ஊத்தைச் சீட்டிலேயே விட்டுவிட்டு. ஏறி உட்கார்ந்து அரை மைல் போயிருக்காது, ஒரு பள்ளத்தில் பஸ் குலுங்கியது. படீர்! பின்னால் அடித்த சூட்டில் பசை இளகி, அடிக்கட்டை பெயர்ந்து, மேல்பலகையில் ஒரு சிம்பையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. கோழிக்கார அம்மாள் கூடையை நகர்த்தி ஊத்துக்கு இடம் விட்டாள். மாதையன் நடுரோட்டில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டார்.

அவர் வீட்டில் பாய் விரித்திருந்தது. அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் கேட்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவி என்னிடம், "நாலு நாளாச் சோத்துத் தட்டுலகூட வெரல ஆட்டிக்கிட்டே இருக்காருங்க," என்று சிரித்தாள். அவளுக்கு இன்னும் தெரியாது. துணியைப் பிரித்ததும் வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க. சத்தம் வராட்டியும் கை பழகும், வாங்க," என்றார். தொங்கிய கம்பிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, இறகை என் கையில் கொடுத்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கீழே ஒன்று, மேலே ஒன்று. தோள் அசையக் கூடாது. வெறும் பலகையின் மேல் ஒரு மணி நேரம். "கண்ணால தேடாதீங்க, காதால தேடுங்க," என்றவருக்கு, கேட்கச் சத்தமே இல்லை என்பது உடனே உறைத்துவிட்டது. பிறகு ஊத்தைத் தன் மடிக்கு வாங்கி, கண்ணை மூடி, கம்பியில்லாத கழுத்தில் விரல்களை ஓட்டி, ஒரு பாட்டை முழுதாக வாசித்து முடித்தார். எனக்குக் கேட்டதெல்லாம் விரல் நுனி மரத்தில் உரசும் ஓசை மட்டும்.

போகிறவர்களுக்கு: பின் சீட்டு வேண்டாம். திரும்பும் பஸ் ஒரு மணிக்கு, அதைவிட்டால் சாயங்காலம்தான். வாத்தியத்தைத் தளர்த்தி, மடியில் வைத்துக்கொண்டு போங்கள். மேட்டில் இறங்கினால் கையோடு எடுத்துக்கொண்டே நடங்கள். நரம்பு இருந்த இடத்தில் நரம்பையே போடுங்கள். தெரிந்தவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் பிடில் ரிப்பேர் செய்பவர் வச்சிரம் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார். இப்போது நரம்புதான் கட்டியிருக்கிறேன். வலது கை சுமாராகப் பழகிவிட்டது. மாதையன் அன்று வாசித்தது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க, அவர் விரல் போன இடங்களில் என் விரலை வைத்து மீட்டிப் பார்க்கிறேன். முதல் நாலு இடம் ஞாபகம் இருக்கிறது. அதற்குமேல் நான் விரலைக் கவனிக்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.