ஆறு நாளில் நிரம்பிய பெட்டி

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு நாற்பதுக்குப் புக்கிட் ரம்பாய் ஊரில் நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் டயாலிசிஸ் மையத்துக்கு வந்தேன். சர்வர் அறையின் வெப்பநிலை இருபத்தொன்று, குறித்துக்கொண்டேன். தேநீர் குடித்தேன். நோயாளிகளின் பதிவுகளைப் பிரதி எடுக்கும் முந்தைய இரவின் பேக்கப் முடிந்திருந்தது. ஆனால் அது போய்ச் சேரும் புதுச் சேமிப்புப் பெட்டி எண்பத்தொன்பது விழுக்காடு நிரம்பியிருந்தது.

ஒரே மாதிரியான தகவல் எத்தனை முறை வந்தாலும் அந்தப் பெட்டி ஒரு முறைதான் சேமிக்கும். அதனால் ஒரு வருடத்துக்குத் தாங்கும் என்றார்கள் விற்றவர்கள். பொருத்தி ஆறு இரவுதான் ஆகியிருந்தது. அதை நம்பி, அதுவரை பிரதிகள் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்குகள் மூன்றையும் வெள்ளிக்கிழமையே அழித்து, லேபிள் உரித்து, அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. சர்வரின் டிஸ்க் ஒன்றில் ஞாயிறு முதல், பழுதாகப் போகிறது என்று எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு. மாற்று டிஸ்க் வியாழன்தான் வரும். அதற்குள் சர்வர் நின்றால், பெட்டியில் இருப்பதுதான் மிச்சம். அதிலிருந்து ஒரு ஃபைலைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை. ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதைத் தாதி அந்தப் பதிவில் உள்ள எடையை வைத்துத்தான் முடிவு செய்வார்.

பெட்டியை விற்ற கடையின் டெக்னீஷியனுக்குப் போன் செய்தேன். புலாவ் செபாங் ஊர்ப் பெண்.

"அண்ணே, அனுப்புறதுக்கு முன்னாடி பாஸ்வர்ட் போட்டுப் பூட்டுறீங்களா?"

"ஆமா. பதினாறு வருஷமா அப்படித்தான்."

"பாஸ்வர்ட தினம் மாத்துவீங்களா?"

தேதியை வைத்து மாற்றுவேன் என்றேன்.

"அதான்லா. தினம் வேற பூட்டு போட்டா, உள்ள இருக்கிறது நேத்து வந்ததுதான்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்? ரொம்ப ஒழுங்கு அண்ணே நீங்க."

பூட்டாமல் அனுப்பினால் பெட்டியே பூட்டிக்கொள்ளும் என்றாள். நேற்றைய பிரதியை மட்டும் வைத்துவிட்டு மற்ற ஐந்தையும் நீக்கச் சொன்னாள். நீக்கினாலும் இடம் உடனே வராது, பெட்டி தன்னைச் சுத்தம் செய்ய ஐந்து மணி நேரமாகும். ஒவ்வொரு பிரதியின் பெயரையும் மூன்று முறை வாய்விட்டுப் படித்த பிறகே அழித்தேன்.

தலைமைத் தாதியிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் ஒரு நோட்டை எடுத்து, மறுநாள் வரும் நோயாளிகளின் எடைகளைத் திரையிலிருந்து எழுத ஆரம்பித்தார். "புதுப் பெட்டி வாங்கி என்னைக் கையால எழுத வைக்கிறீங்க." அவர் சிரிக்கவில்லை. நானும்.

நான்கு மணிக்குப் பெட்டி பதினைந்து விழுக்காட்டுக்கு இறங்கியது. பூட்டாத முதல் பிரதியை அனுப்பினேன். மஞ்சள் விளக்கைப் பார்த்தபடி, ஆறேகாலுக்கு அது முடியும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

மறுநாள் காலை வெப்பநிலையைக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு நோயாளியின் பதிவை வேறொரு கம்ப்யூட்டருக்கு இறக்கித் திறந்து, தாதியின் நோட்டைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஐம்பத்தெட்டரை கிலோ.