வாய்க்கால் முனை இறால்

கஸ்தூரியிடம் வலை கிடையாது. ஓலைக் கூடையான பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏரியில் குந்தி, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாள். எது சிக்கியது, எதை அவளே விட்டாள் என்று கரையில் நிற்பவர்களுக்குத் தெரியாது.

ஆரம்பாக்கத்துப் பக்கம் ராஜேந்திரனின் இறால் பண்ணை. போன கோடையில் அவன் கஸ்தூரியின் புருஷன் சின்னதம்பியைத் திருடன் என்று சொல்லி மோட்டார் கொட்டகைத் தூணில் கட்டிவைத்தான். அதற்குப் பிறகு சின்னதம்பி தண்ணீரில் இறங்கவில்லை. அந்தப் பண்ணையை மூடவைப்பது ஒன்றுதான் கஸ்தூரிக்கு இப்போது வேண்டியிருந்தது.

பண்ணைக் கழிவால் ஏரி இறாலின் வளர்ச்சி குறைகிறதா என்று பார்க்க, பொன்னேரி கல்லூரியிலிருந்து ஆய்வு மாணவி நந்தினி வந்தாள். பண்ணைக் கழிவு விழும் வாய்க்கால் முனையிலும், தள்ளியிருக்கும் தெற்குத் திட்டிலும் இறால் பிடித்து நீளம் அளக்க வேண்டும். இரண்டு சராசரிகளும் நிஜமாகவே வேறுபட்டால் அறிக்கை கலெக்டர் ஆபீசுக்குப் போகும். பிடித்துக் கொடுக்கக் கஸ்தூரியை அமர்த்தினாள்.

"மொதல்ல ரெண்டு எடமும் ஒண்ணுதான்னு வெச்சுப்போம்க்கா. அது நிக்குதா ஒடையுதான்னு கணக்கு சொல்லும்."

"இன்னாது? அவன் மேல தப்பில்லைனு வெச்சுக்கணுமா? எங்காளக் கட்டி வெச்சப்போ எவனாவது அப்டி வெச்சுக்கினானா?"

வாய்க்கால் முனையில் பெரிய இறால் கையில் பட்டபோதெல்லாம் கஸ்தூரி விரல்களைத் தளர்த்தினாள். பொடிகள் மட்டும் பறிக்குள் போயின. திட்டில் ஒன்றையும் விடவில்லை.

வித்தியாசம் பெரிதாக வந்தது. நந்தினிக்கு அது பிடிக்கவில்லை.

"வாய்க்கால்ல எல்லாமே ஒரே அளவா இருக்கு. ஒரு பெருசு கூடவா சிக்கல?"

"சிக்கல."

"வேற யாராவது ரெண்டு எடத்துலயும் புடிச்சுப் பாக்கட்டும்."

"நான் எறங்கறேன்" என்றான் கரையில் உட்கார்ந்திருந்த சின்னதம்பி.

கூடவே நடந்த கஸ்தூரி, "பெருச வுட்டுடுய்யா" என்று கிசுகிசுத்தாள். அவன் முதலில் திட்டிலும் பிறகு வாய்க்காலிலும் இறங்கினான். வாய்க்காலிலிருந்து ஏறி வந்து பறியைக் கவிழ்த்தான். பொடிகளுக்கு நடுவே கொழுத்த இறால்கள் துள்ளின.

"யாருக்கு நல்லவன்னு காட்டற?"

"திருடன்னான்ல. கைக்கு வந்ததுல ஒண்ணக்கூட ஒளிக்க மாட்டேன்."

நந்தினி பழைய எண்களை அடித்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டாள். "வாய்க்கால்ல கொஞ்சம் சின்னதுதான். ஆனா இவ்ளோ வித்தியாசம் தற்செயலாவும் வரலாம்."

"அப்போ தப்பிச்சிட்டானா?"

"தப்பில்லைனு சொல்லலக்கா. இருக்குனு சொல்ல இது போதாது. இன்னும் நெறைய புடிக்கணும்."

பண்ணை மேட்டில் ராஜேந்திரன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேரும் எறங்கறோம்" என்றாள் கஸ்தூரி. "பெருசும் வரட்டும், பொடியும் வரட்டும். நீ எழுதிக்கினே இரு."

ராஜேந்திரனைப் பார்த்தபடியே, துள்ளிய ஒரு இறாலை அளவுகோலின் மேல் வைத்து அமுக்கினாள்.